ஆடுகளமும் பண்பும்



மாலை வேளையில் புழுதி படிந்த கால்களோடு வீடு திரும்பும் சிறுவனை நோக்கி, "விளையாட்டுச் சோறு போடுமா?" என்று கேட்கும் பெற்றோர் நம் நாட்டில் பலர். அக்கேள்வியில் கோபம் இருப்பது போலவே ஓரளவு நியாயமும் இருக்கிறது. தம் மக்கள் செலவழிக்கும் ஒவ்வொரு நாழிகையும் பயனுள்ளதாக இருத்தல் வேண்டும் என்பது அவர்தம் கவலை. அதற்கு விடை கூற முற்படுவோர் வழக்கமாக இரண்டு விடைகளைக் கூறுவர். விளையாட்டு உடலை வளர்க்கிறது என்பது ஒன்று. விளையாட்டு ஒழுக்கத்தையும் நற்பண்பையும் வளர்க்கிறது என்பது மற்றொன்று. முதல் விடையைப் பற்றி எவருக்கும் ஐயமில்லை. இரண்டாம் விடையை நாம் மேடைகளிலே பன்முறை கேட்டிருக்கிறோம். பள்ளி விளையாட்டு விழாவில் பரிசு வழங்க வரும் பெரியோர் அதனைக் கூறாமல் அமர்வதே இல்லை. ஆனால், அது உண்மைதானா? உண்மையாயின், எவ்வாறு உண்மை? இதனை உங்களோடு சேர்ந்து ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதலில் என் வாழ்க்கையில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறிவிடுகிறேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. எனினும் நான் இப்பொருளைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கியது அன்றுதான்.

அப்பொழுது நான் உயர்நிலைப் பள்ளி மாணவன். எங்கள் பள்ளிக்கும் அண்டை ஊர்ப் பள்ளிக்கும் சடுகுடுப் போட்டி நடந்தது. சடுகுடு என்பது இன்று கபடி என்று உலகெங்கும் வழங்கும் ஆட்டமே. ஆட்டம் முடியும் தறுவாயில் இரு பக்கமும் சமநிலையில் இருந்தன. நான் பாடிச் சென்றேன். எதிர்ப்பக்கத்தான் ஒருவனைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டை நோக்கிப் பாய்ந்தேன். கோட்டைத் தொடுவதற்கு ஒரு முழம் இருக்கும்போதே என் மூச்சு அறுந்துவிட்டது. பாட்டு நின்றது, மீண்டும் மூச்சை இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டேன். சுற்றி நின்றவர்களின் ஆரவாரத்தில் நடுவர் அதனைக் கேட்கவில்லை. எங்களுக்கு ஒரு புள்ளி கிடைத்தது. அந்த ஒரு புள்ளியால் வெற்றியும் கிடைத்தது. தோழர்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். நான் வாய் திறக்கவில்லை.

எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் கோட்டின் அருகிலேயே நின்றிருந்தார். மறுநாள் அவர் என்னை அழைத்தார். வெற்றியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. "தம்பி, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மாலையில் சடுகுடு ஆடுகிறார்கள். ஒரு மாதம் அவர்களுக்கு நீ நடுவராக இரு" என்றார். நான் அதனை ஒரு பெருமையாகவே எண்ணி ஏற்றுக்கொண்டேன்.

நடுவராக நின்று பார்த்த பிறகே அவ்வேலையின் கடினம் எனக்கு விளங்கிற்று. பாடிச் செல்பவனின் உதட்டைப் பார்க்க வேண்டும். காலைப் பார்க்க வேண்டும். பிடிப்பவர்களின் கைகளைப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் நடுவே மூச்சு அறுந்ததா இல்லையா என்பதையும் கேட்க வேண்டும். எத்துணைக் கூர்மையான கண்ணும் காதும் இருந்தாலும் பாதி ஆட்டம் ஆடுபவனின் நேர்மையை நம்பியே நடக்கிறது என்பதைக் கண்டேன். ஒரு நாள், சிறுவன் ஒருவன் பாடிவிட்டுத் திரும்பினான். நான் அவனுக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கூறினேன். அவனோ நின்று, "அண்ணே, எனக்கு நடுவிலேயே மூச்சு விட்டுப்போச்சு" என்று கூறிவிட்டுத் தானாகவே வெளியே சென்று அமர்ந்தான். அவன் பக்கம் அன்று தோற்றது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அடுத்த நாள் ஆசிரியரிடம் சென்று உண்மையைச் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. "எனக்குத் தெரியும். அந்தப் பள்ளித் தலைவனுக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பு" என்று மட்டும் கூறினார். எழுதி அனுப்பினேன். பதில் ஏதும் வரவில்லை. பதிலை எதிர்பார்த்து எழுதுவது மன்னிப்பு ஆகாது என்பதையும் அப்பொழுதே கற்றுக்கொண்டேன்.

நண்பர்களே! இந்த நிகழ்ச்சியில் ஒன்றைக் கவனியுங்கள். நான் ஆடிய ஆட்டம் எனக்கு நேர்மையைக் கற்பிக்கவில்லை. உண்மையில் அது எனக்குப் பொய்யைத்தான் கற்பித்தது. அப்பொய்க்கு ஒரு வெற்றியையும் பரிசாக அளித்தது. எனக்கு நேர்மையைக் கற்பித்தவை வேறு. என்னை நடுவராக நிறுத்திய ஆசிரியரின் அறிவு ஒன்று. அந்தச் சிறுவனின் செயல் மற்றொன்று. ஆகவே, 'விளையாட்டுப் பண்பை வளர்க்கும்' என்று பொதுவாகச் சொல்லிவிடுதல் போதாது.

இதே ஐயம் அறிஞர்களுக்கும் எழுந்திருக்கிறது. ஆகில்வி, டட்கோ என்னும் இரு அமெரிக்க உளநூலார் விளையாட்டு வீரர் பலரை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 1971-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். விளையாட்டுத் தானாகவே குணத்தை ஆக்குகிறது என்பதற்குத் தக்க சான்று தமக்குக் கிடைக்கவில்லை என்பது அவர்கள் கூறியது. உறுதியும் அடக்கமும் விடாமுயற்சியும் சிறந்த வீரர்களிடம் காணப்படுகின்றனவே என்றால், அக்குணங்களை முன்னரே உடையவர்கள்தாம் போட்டியில் நிலைத்து நிற்கின்றனர். மற்றவர்கள் இடையிலேயே விலகிவிடுகின்றனர் என்று அவர்கள் விளக்கினார்கள். சல்லடையில் தங்கும் கற்களைப் பார்த்து, சல்லடைதான் அவற்றைப் பெரிதாக்கிற்று என்று கூறலாமா? அதுபோன்ற தவறே இதுவும்.

பின்னர் 1980-களில் பிரெடிமயர், ஷீல்ட்ஸ் என்னும் ஆய்வாளர் இருவர் மற்றொன்றைக் கண்டறிந்தனர். அன்றாட வாழ்வில் நியாயம் பேசும் இளைஞர்களே, ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் வேறு விதமாக நியாயம் பேசுகின்றனர். 'ஆட்டத்தில் இதெல்லாம் சகஜம்' என்று நாமும் சொல்கிறோம் அல்லவா? அதுதான் அது. ஆடுகளத்தைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியவுடன், மனச்சாட்சியைச் செருப்போடு சேர்த்து வெளியே கழற்றி வைத்துவிடும் பழக்கம் மனிதருக்கு எளிதில் வந்துவிடுகிறது.

இன்னும் தெளிவான சான்று ஒன்று உண்டு. 1954-ஆம் ஆண்டுக் கோடைக்காலத்தில், அமெரிக்க நாட்டின் ஒக்லஹோமா மாநிலத்தில், ராபர்ஸ் கேவ் என்னும் பூங்காவில், முசாபர் ஷெரீப் என்ற சமூக உளநூல் அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். ஏறத்தாழப் பதினொரு வயதுடைய 22 சிறுவர்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டுத் தனித்தனியே தங்கவைக்கப்பட்டனர். ஒரு குழு தன்னைக் கழுகுகள் என்று அழைத்துக்கொண்டது. மற்றது விரியன் பாம்பின் இனத்தைச் சேர்ந்த ஒரு பாம்பின் பெயரைச் சூட்டிக்கொண்டது. பிறகு இரு குழுக்களுக்கும் இடையே பேஸ்பால் ஆட்டம், வடம் இழுத்தல் முதலிய போட்டிகள் வைக்கப்பட்டன. வெல்பவர்க்கு மட்டுமே பரிசு என்றும் அறிவிக்கப்பட்டது. சில நாட்களுக்குள் வசைமொழி பிறந்தது. ஒரு குழுவின் கொடியை மற்றொரு குழு கொளுத்திற்று. ஒருவர் தங்குமிடத்தில் மற்றவர் புகுந்து பொருள்களைக் கலைத்தனர். நல்ல குடும்பங்களில் வளர்ந்த, முன்பின் பகை அறியாத சிறுவர்கள் அவர்கள்.

அதன் பின் அறிஞர்கள் போட்டிகளை நிறுத்திவிட்டு, இரு குழுவினரும் சேர்ந்தாலன்றித் தீராத இடர்களை உண்டாக்கினர். குடிநீர் வருவது தடைப்பட்டது. எல்லோரும் கூடித் தேடினர். உணவு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்பவில்லை. அதனை இழுத்தாக வேண்டும். முன்பு எதிரெதிராக நின்று இழுத்த அதே கயிற்றை லாரியில் கட்டி, இரு குழுவினரும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். இத்தகைய செயல்கள் தொடரத் தொடரப் பகைமை சிறிது சிறிதாகக் கரைந்தது.

அந்தச் சோதனையில் சிறுவர்களின் பகைமையைப் பெரியோரே மூட்டிவிட்டனர் என்று பின்னாளில் குறை கூறியவர்களும் உண்டு. அக்குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால், நமக்கு வேண்டிய பாடமும் அதிலேதான் அடங்கியிருக்கிறது. கயிறு ஒன்றுதான், சிறுவர்களும் அவர்களே. பகைமை விளைந்ததற்கும் நட்பு விளைந்ததற்கும் காரணம், அக்கயிற்றை எப்படி இழுக்குமாறு பெரியோர் ஏற்பாடு செய்தனர் என்பதேயாகும்.

அப்படியானால் விளையாட்டால் பயனில்லை என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. நிலம் தானாக நெல்லைத் தருவதில்லை. அதனால் நிலமே வேண்டாம் என்று எந்த உழவனும் கூறமாட்டான். விளையாட்டு ஒரு நல்ல நிலம். வகுப்பறையில் நேர்மையைப் பற்றிக் கட்டுரை எழுதலாம். ஆனால் நேர்மையாக இருப்பதா, வெற்றி பெறுவதா என்று ஒரு நொடியில் தீர்மானிக்க வேண்டிய கட்டம் வகுப்பறையில் அடிக்கடி வருவதில்லை. ஆடுகளத்தில் அது ஒவ்வொரு மாலையும் வருகிறது.

நம் ஆட்டங்களின் விதிகளையே சற்று ஊன்றிப் பாருங்கள். சடுகுடுவில் பக்கத்துக்கு எழுவர் ஆடுகின்றனர். ஒருவர் ஆட்டம் இழந்தால் வெளியே சென்று அமர வேண்டும். பின்னர் அவருடைய தோழர்கள் எதிர்ப்பக்கத்தார் ஒருவரை வெளியேற்றினால், வெளியே அமர்ந்திருப்பவர்களில் முதலில் சென்றவர் மீண்டும் களம் புகுவார். அதனை 'உயிர் பெறுதல்' என்று நம் ஊர்ப் பிள்ளைகள் கூறுவர். எத்துணை அழகான விதி! ஒருவன் பெறும் வெற்றி அவனுக்கு மட்டும் உரியதன்று. வெளியே அமர்ந்திருக்கும் தோழனுக்கு அது உயிராகிறது. அவ்வாறே, தோற்று வெளியேறியவனும் முற்றும் தோற்றுவிட்டவன் அல்லன். காத்திருக்கும் பொறுமை அவனுக்கு வேண்டும்.

கோ-கோ ஆட்டத்தைப் பாருங்கள். துரத்தும் பக்கத்தார் எண்மர், ஒருவர் விட்டு ஒருவர் எதிரெதிர்த் திசை நோக்கி வரிசையாக அமர்ந்திருக்க, ஒருவர் மட்டும் துரத்துகிறார். அவர் நடுவரிசையைக் கடந்து மறுபக்கம் செல்லக்கூடாது. ஒரு திசையில் ஓடத் தொடங்கினால் திரும்பவும் கூடாது. எனவே எவ்வளவு விரைவாக ஓடுபவராயினும் தனியாக எதையும் சாதிக்க முடியாது. தக்க சமயத்தில் அமர்ந்திருக்கும் தோழரின் முதுகைத் தட்டிக் 'கோ' என்று கூறி, துரத்தும் உரிமையை அவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தாம் அவரிடத்தில் அமர வேண்டும். தன்னால் இயலாத இடத்தில் பிறரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு அமைதியாக அமரத் தெரிந்தவனே அவ்வாட்டத்தில் சிறந்தவன். பெரிய பதவியில் இருப்போர் பலருக்கும் இன்னும் கைவராத கலை இது.

அஞ்சலோட்டத்தை எடுத்துக்கொள்வோம். நால்வர் நூறு நூறு மீட்டர் ஓடும் ஓட்டத்தில், கோலைக் கைமாற்றுவதற்கு 30 மீட்டர் நீளமுள்ள எல்லை உண்டு. அதற்குள் மாற்றிவிட வேண்டும். பெறுபவர் திரும்பிப் பார்ப்பதில்லை. கையைப் பின்னால் நீட்டியவாறு முழு விரைவில் ஓடத் தொடங்கிவிடுகிறார். தோழர் கோலைக் கையில் வைப்பார் என்ற நம்பிக்கை ஒன்றே அவருக்குத் துணை. இந்த நம்பிக்கை ஒரு நாளில் வருவதன்று. பல நாள் சேர்ந்து பயின்று, பலமுறை கோலைத் தவறவிட்டு, ஒருவரையொருவர் குறை கூறாமல் மீண்டும் பயின்ற பின்னரே வருவது.

நிலம் நல்லது. அதனை உழுவது எப்படி? நம் நாட்டில் இதற்கெனத் தனிக் கல்வி வேண்டும் என்பதை உணர்ந்து செயலாற்றியவர்களில் ஹாரி குரோ பக் என்பவர் முதன்மையானவர். அமெரிக்காவிலிருந்து வந்த அவர், 1920-ஆம் ஆண்டில் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தோற்றுவித்தார். அக்கல்லூரியில் பயின்றவர்கள் பள்ளிகள்தோறும் சென்று, வெறும் கவாத்தாக இருந்த உடற்பயிற்சி வகுப்பை ஒரு கல்வியாக மாற்ற முயன்றனர். கையை உயர்த்து, காலை மாற்று என்று கட்டளையிடுவது வேறு. ஆட்டத்தின் மூலம் மாணவனை மனிதனாக்க முயல்வது வேறு.

இந்த வேலையைப் படிப்படியாகச் செய்யும் முறை ஒன்றை அண்மைக் காலத்தில் வகுத்துக் காட்டியவர் டான் ஹெலிசன் என்ற அமெரிக்க ஆசிரியர். வறுமையும் வன்செயலும் மிகுந்த பகுதிகளில் வாழ்ந்த இளைஞர்களுக்கு விளையாட்டுக் கற்பித்து, 1970-கள் முதல் தம் அனுபவத்தை நூல்களாக எழுதியவர் அவர். அவருடைய முறையில் ஐந்து படிகள் உள்ளன. பிறருடைய உரிமையையும் உணர்ச்சியையும் மதித்து, தன்னை அடக்கிக்கொள்ளுதல் முதற்படி. வராத கலையையும் விடாது முயன்று பார்த்தல் இரண்டாம் படி. ஆசிரியர் கண்காணிக்காதபோதும் தானே பயிற்சியை வகுத்து நடத்துதல் மூன்றாம் படி. பிறருக்கு உதவி, அவர்களை வழிநடத்துதல் நான்காம் படி. இவற்றையெல்லாம் ஆடுகளத்துக்கு வெளியே, வீட்டிலும் வீதியிலும் கடைப்பிடித்தல் ஐந்தாம் படி.

இந்த ஐந்தாம் படியை அவர் தனியாகக் குறித்ததுதான் சிறப்பு. ஆட்டத்தில் வரிசை முறைக்குக் கட்டுப்பட்ட மாணவன், பேருந்து நிலையத்தில் முண்டியடித்துக்கொண்டு ஏறினால், அவன் கற்றது ஆட்டத்தின் விதி மட்டுமே, ஒழுக்கம் அன்று. அதனால் ஹெலிசன் ஒவ்வொரு வகுப்பின் இறுதியிலும் மாணவரை ஒன்றாக அமர்த்தி, இன்று நாம் எப்படி நடந்துகொண்டோம் என்று அவர்களையே எண்ணிப் பார்க்கச் செய்தார். இதற்குச் செலவு ஏதும் இல்லை. ஐந்து நிமிட நேரமும் ஒரு மர நிழலும் இருந்தால் போதும். நம் நாட்டில் எந்தச் சிற்றூர்ப் பள்ளியிலும் இதனைச் செய்யலாம்.

மற்றொன்றையும் நான் சொல்லியாக வேண்டும். பல பள்ளிகளில் தலைவர் இருவர் மாறி மாறித் தம் பக்கத்துக்கு ஆள் தேர்ந்தெடுப்பர். வலியவர் முதலில் செல்வர். கடைசியில் யாரும் விரும்பாத ஒரு சிறுவனோ சிறுமியோ தலை குனிந்து நிற்பதை நான் பன்முறை கண்டிருக்கிறேன். அக்குழந்தை அன்று கற்கும் பாடம் என்ன? தான் எவருக்கும் வேண்டாதவன் என்பதே. அதே வேளையில் மற்றவர்கள் கற்பது, வலிமையற்றவரை ஒதுக்கலாம் என்பது. பண்பைக் கற்பிக்க வேண்டிய களம் முதல் ஐந்து நிமிடத்திலேயே அதற்கு மாறானதைக் கற்பித்துவிடுகிறது. ஆசிரியர் எண் சொல்லிப் பிரித்தால் இக்கொடுமை நீங்கும். நடுவர், புள்ளி எழுதுபவர், தலைவர் ஆகிய பொறுப்புகள் ஒவ்வொரு வாரமும் கை மாறினால், ஆடத் தெரியாதவர் என்று ஒதுக்கப்பட்டவரும் களத்தின் நடுவே வருவர். என் ஆசிரியர் என்னைத் தண்டிக்காமல் நடுவராக்கிய உத்தியின் அருமை இப்பொழுது உங்களுக்கும் விளங்கும்.

வெற்றியை விரும்பக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். நன்றாக விரும்பலாம். வெல்ல முயலாதவனோடு ஆடுவதில் எதிரிக்கும் இன்பமில்லை. ஆனால் வெற்றிக்கும் மேலாக ஒன்றை வைத்தவர்களை உலகம் மறப்பதில்லை. 1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் நகரில் ஆஸ்திரேலிய நாட்டின் ஒரு மைல் ஓட்டப் போட்டி நடந்தது. ஓட்டத்தின் நடுவே ரான் கிளார்க் என்ற இளைஞர் இடறி விழுந்தார். பின்னால் வந்த ஜான் லாண்டி அவரைத் தாண்டிக் குதித்தார். பின்பு ஓட்டத்தை நிறுத்தித் திரும்பி வந்து, அவருக்கு ஒன்றும் நேரவில்லையே என்று பார்த்தார். மற்றவர்கள் நெடுந்தூரம் சென்றுவிட்டனர். லாண்டி மறுபடியும் ஓடி, எல்லோரையும் முந்தி வென்றார்.

லாண்டி நின்றும் வென்றார். எப்பொழுதும் அப்படி நடக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். 1980-ஆம் ஆண்டு பம்பாயில் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே பொன்விழாக் கிரிக்கெட் ஆட்டம் நடந்தது. இந்தியத் தலைவர் குண்டப்பா விசுவநாத். இங்கிலாந்து ஐந்து ஆட்டக்காரர்களை இழந்து தடுமாறிக்கொண்டிருந்தது. அப்பொழுது பாப் டெய்லர் ஆட்டமிழந்ததாக நடுவர் கையை உயர்த்தினார். பந்து மட்டையில் படவில்லை என்று விசுவநாத்துக்குத் தோன்றிற்று. அவர் நடுவரிடம் சொல்லி, டெய்லரைத் திரும்ப அழைத்து ஆடச் செய்தார். அந்த டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ஓட்டங்கள் எடுத்தனர். இந்தியா பத்து விக்கெட்டு வேற்றுமையில் தோற்றது. நேர்மைக்கு விசுவநாத் கொடுத்த விலை உண்மையான விலை. விலை கொடுக்காமல் பெறும் நேர்மைக்கு என்ன மதிப்பு? ஆண்டுகள் பல கடந்த பின்னும் அவருடைய அந்தச் செயலை மக்கள் நினைவில் வைத்துப் போற்றுகின்றனர்.

மாணவ நண்பர்களே! நாளை மாலை நீங்கள் ஆடுகளத்துக்குச் செல்லும்போது நான் கூறியவற்றில் மூன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். நடுவர் காணாத தவற்றை நீங்களே கூறுங்கள். உங்களில் ஆடத் தெரியாதவரைக் கடைசியில் நிறுத்தாதீர்கள். ஆட்டம் முடிந்தவுடன் கலைந்து ஓடாமல், சற்று அமர்ந்து, இன்று நாம் எப்படி ஆடினோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுள் எதிர்கால ஆசிரியர்களும் பெற்றோர்களும் இருக்கிறீர்கள். ஆட்டம் தானே பண்பைத் தந்துவிடும் என்று எண்ணி, பந்தைக் கொடுத்துவிட்டு நிழலில் அமராமல், கோட்டின் அருகில் நின்று பாருங்கள்.

விளையாட்டுச் சோறு போடுமா என்று கேட்பவருக்கு நான் கூறும் விடை இதுதான். பெரும்பாலோர்க்கு அது சோறு போடாது. ஆனால், உண்ணும் சோற்றை நேர்மையாக ஈட்டவும், அருகில் இருப்பவனோடு பகிர்ந்து உண்ணவும் அது கற்பிக்கக்கூடும். கற்பிப்பவர் மட்டும் வேண்டும். அன்று தானாகவே களத்தை விட்டு வெளியே சென்று அமர்ந்த அந்தச் சிறுவன் எனக்கு அத்தகைய ஓர் ஆசிரியன். அவன் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவனுக்குக் கடன்பட்டவனாகவே இன்றும் ஆடுகளத்தின் ஓரத்தில் நிற்கிறேன்.